சைலஸின் கை

கைமீட்டிக்குள் வலது கையை நுழைத்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. டாக்டர் பிலோமினா சவரிமுத்து, "நிறுத்துங்க குரு" என்றார்.

இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த குமரகுருபரன் விசையை அணைத்தார். "இறுக்கமா இருக்கா டாக்டரம்மா?"

"இல்ல. இது அவரோட கை இல்ல."

கைமீட்டி என்பது முழங்கை வரை ஏறும் ஓர் உறை. பழைய காகிதத்தில் பேனா முனை கீறிய பள்ளம், மை ஊறிய ஆழம், அழுத்தம் கூடிய இடம், குறைந்த இடம் எல்லாவற்றையும் அளந்து, எழுதியவரின் விரல்கள் எப்படி அசைந்தன என்று அது கணக்கிடும். பிறகு அதே அசைவை உறைக்குள் இருக்கும் கையில் நிகழ்த்தும். அது வந்த ஆறே ஆண்டுகளில் உலகம் மறுபடியும் கையால் எழுதத் தொடங்கியிருந்தது. காதலைத் தட்டச்சு செய்து அனுப்பினால் யாரும் நம்புவதில்லை. விடுப்புக் கடிதத்தைக்கூட அலுவலகங்கள் கைமீட்டியில் போட்டுப் பார்த்தன. இறந்துபோன அப்பா எழுதிய மளிகைப் பட்டியலை உறைக்குள் உணர்ந்து அழுதவர்கள் எத்தனையோ பேர்.

பிலோமினா திருச்சியில் முப்பது ஆண்டுகள் கை அறுவை மருத்துவராக இருந்தவர். இளம் வயதில் ஃபிலடெல்ஃபியாவில் பயிற்சிக்குப் போனபோது, பழைய காகிதக் கடை ஒன்றில் செனட்டர் நேத்தனியல் கார்விக்கின் கடிதம் ஒன்று கிடைத்தது. அமெரிக்கா என்ற நாடு உருவான முதல் இருபது ஆண்டுகளில் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவர் கார்விக். அவர் முதுமையில் எழுதிய கடிதங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அன்று பற்றிக்கொண்ட ஆசை பிறகு விடவில்லை. இப்போது அவரிடம் கார்விக்கின் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. அவற்றில் 1796-இல் எழுதியதை உலகமே அறியும். 'ஒரு மனிதனின் கைகள் செய்த வேலை அவனுக்கே உரியது' என்ற அதன் வரி பல நாட்டுப் பாடப் புத்தகங்களில் இருந்தது. அதைத்தான் அவர் இப்போது உறைக்குள் உணர்ந்துகொண்டிருந்தார்.

"மறுபடி போடுங்க. மெதுவா" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் தாமாக நகர்ந்தன. கைமீட்டி வலியைத் தராது. ஆனால் வலியைத் தவிர்க்க ஒரு கை என்னென்ன செய்யுமோ அத்தனையையும் அப்படியே செய்யும். ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்த மருத்துவருக்கு அது போதும்.

"ஆள்காட்டி விரல் நுனி மூட்டு உடைஞ்சிருக்கு. கட்டுப் போடாம விட்டு, கோணலா சேர்ந்திருக்கு. அதனால பேனாவை நடுவிரல்ல தாங்குறான். கீழ்க்கோடு இழுக்கும்போதெல்லாம் மணிக்கட்டை வெளிய திருப்பிக்கிறான் பாருங்க. அவ்வளவு வலி." சட்டென்று கண்ணைத் திறந்தார். "இது சின்ன வயசு ஆளு. இருபத்தஞ்சுகூட இருக்காது. 1796-ல கார்விக்குக்கு அறுபது வயசு."

"எழுத்தர் யாராவது எழுதியிருப்பாங்க. கையெழுத்து மட்டும் அவர் போட்டிருக்கலாம்ல?"

கையெழுத்தை மட்டும் தனியாக ஓட்டினார்கள். அதே கோணல் விரல்தான்.

அன்றும் மறுநாளும் மற்றக் கடிதங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். முப்பதிலும் ஒரே கை. உலக அருங்காட்சியகங்கள் வெளியிட்டிருந்த கார்விக்கின் கடிதங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் அதே கைதான். வல்லுநர்கள் ஏமாந்தது எப்படி என்று பிலோமினாவுக்குப் புரிந்தது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டே எல்லாவற்றையும் அசல் என்றார்கள். எல்லாமே ஒரே ஆள் எழுதியது என்பதால் எல்லாம் பொருந்தின.

பொருந்தாமல் நின்றது ஒரே ஒரு துண்டுச் சீட்டு. ஒரு கடிதத்தின் மடிப்புக்குள் இருந்து வந்தது. பண்ணைக் கண்காணி எவனோ கிறுக்கியது என்று எண்ணி, அவர் இத்தனை காலமும் அதைப் படிக்கக்கூட முயலவில்லை. அதை ஓட்டியபோது உறைக்குள் கனமான, வயதான, எந்தக் காயமும் இல்லாத ஒரு கை அசைந்தது. குரு எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"'கண்காணிக்கு: சைலஸின் விரலை உடைத்தது உன் முட்டாள்தனம். அவனை அடிக்க வேண்டுமென்றால் முதுகு இருக்கிறது. கை எனக்கு வேண்டும். நே.கா.'"

பிலோமினா உறையைக் கழற்றினார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினார். அந்த 1796 கடிதம் இருபத்தெட்டு ஆண்டுகள் வாசல் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த வரியைத் தாமே வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். அதை எழுதியவன் அடிமை. சொன்னவர் அவனுடைய எஜமான்.

"வெளிய சொல்லப் போறீங்களா?" என்றார் குரு. "சொன்னா உங்க தொகுப்பு வெறும் காகிதமாயிடும் டாக்டரம்மா."

"ஆகட்டும். அந்தப் பையன் பேரு எங்கயும் இல்ல குரு. இதுல மட்டும்தான் இருக்கு."

சொன்னார். பாடப் புத்தகங்கள் திருத்தப்பட்டன. கார்விக்கின் சிலைகள் இரண்டு ஊர்களில் இறக்கப்பட்டன. குரு பயந்ததற்கு நேர்மாறாக, சைலஸின் கடிதங்களுக்காக அருங்காட்சியகங்கள் அலைந்தன. மக்கள் அவன் கையை உணர வரிசையில் நின்றார்கள். ஒரே மாதத்தில் உலகத்திலேயே மிக அதிகமாக அணியப்பட்ட கை அவனுடையது. பிலோமினாவுக்கு அதில் மகிழ்ச்சிதான். நான்காவது மாதம் கைப்பதிவு ஆணையத்தின் அறிவிப்பு வரும்வரை.

காகிதம் வாங்கியவருக்குச் சொந்தம். ஆனால் அதிலிருந்து மீட்ட அசைவு, அதாவது கைப்பதிவு, எழுதியவரின் வாரிசுகளுக்குச் சொந்தம் என்பது சட்டம். கார்விக்கின் பண்ணைக் கணக்கில் 'விரல் உடைந்த எழுத்தன்' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்த சைலஸின் மூன்று குழந்தைகளும் வெவ்வேறு ஊர்களுக்கு விற்கப்பட்டிருந்தார்கள். அவர்களின் பெயரைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை. ஆகவே வாரிசு இல்லை. வாரிசு இல்லாத கைப்பதிவு ஏலத்துக்கு வரும்.

ஏலம் கேட்க முதலில் முன்வந்தது ஒரு கேளிக்கை நிறுவனம். புது வகைக் கைமீட்டியில் உடைந்த விரலின் வலியையும் சேர்த்துத் தரப் போவதாக அது விளம்பரம் செய்திருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம், தாங்க முடிந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்.

விளம்பரத்தைப் பார்த்த பிலோமினா அதைக் குருவிடம் காட்டினார். பிறகு, "எல்லாத்தையும் வித்துடுங்க குரு" என்றார். முப்பத்தொரு கடிதங்களையும் துண்டுச் சீட்டையும் விற்றுத்தான் அவரால் ஏலத்தில் நிற்க முடிந்தது. கடைசிவரை நின்று வென்றார்.

சென்னையில் ஆணையத்தின் அலுவலகம். ரெஹானா என்ற அதிகாரி படிவத்தை மேசையில் வைத்து, பேனாவை நீட்டினாள். இந்தப் படிவத்தைக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

'பொருளின் பெயர்: சைலஸ். நிலை: விரலில் ஊனம், மற்றபடி நல்ல நிலை. உரிமையாளர்:' என்று இருந்தது. அதற்குப் பிறகு வெற்றிடம்.

பிலோமினா அதை இரண்டு முறை படித்தார். "இத யாரும்மா எழுதினது?"

"எல்லாப் பதிவுக்கும் இதே படிவம்தான் மேடம்."

"நான் உரிமையாளரா இருக்க வரல. அவனை விடுவிக்க வந்தேன். இனிமே இந்தக் கையை யாரும் போடக் கூடாது. அப்படி எழுதித் தர முடியுமா?"

ரெஹானா யோசித்தாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "அதுக்கு வழி இல்ல மேடம். நீங்க விடுவிச்சீங்கன்னா அது பொதுவாயிடும். யார் வேணா எடுத்து எப்படி வேணா பயன்படுத்தலாம். அந்தக் கம்பெனி காசு கொடுக்காமலே எடுத்துக்கும். அவர் பத்திரமா இருக்கணும்னா யாராவது ஒருத்தருக்குச் சொந்தமா இருக்கணும்."

வெளியே வாகனங்களின் இரைச்சல் கேட்டது. பிலோமினா உரிமையாளர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதினார். பேனாவை வைக்கப் போனார்.

"இன்னும் ஒரு இடம் இருக்கு மேடம்" என்று ரெஹானா தாளைத் திருப்பிக் காட்டினாள். "உங்களுக்குப் பிறகு இவர் யாருக்குப் போகணும்?"

பிலோமினா நிமிர்ந்து பார்த்தார்.

"காலியா விட்டா, உங்க காலத்துக்கு அப்புறம் திரும்ப ஏலத்துக்கு வந்துடுவார்."

பிலோமினாவுக்கு ஒரே மகன், ஜெரோம். மெல்போர்னில் இருக்கிறான். நல்லவன். அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ தெரியாது. அவர் குனிந்து, நிதானமாக, மகன் பெயரை எழுதினார்.