சுண்டெலிக்கு வாள் இல்லை

பட்டப்பெயர் வைத்தே எல்லோரையும் கூப்பிடும் அந்த வகுப்பில், சுண்டெலி என்ற சிறுமிக்கு நாடகத்தில் பெரிய வேடம். ஆனாலும் அவள் முகத்தை உம்மென்று வைத்திருந்தாள்.

"டீச்சர், நான் நடிக்கிற இந்தப் பொண்ணு ஒரு அடிகூட அடிக்காம செத்துப்போறா. இவளைப் போய் யாரு வீராங்கனைன்னு சொல்லுவாங்க?"

டீச்சர் அரசனின் மேலங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "யாரும் சொல்ல வேண்டாம். இவ இரத்தசாட்சி. உயிரே போனாலும் இயேசுவைத் தெரியாதுன்னு சொல்ல மாட்டா. கொல்றவங்களையும் வெறுக்க மாட்டா."

"சின்னதா ஒரு வாளாவது?"

"ம்ஹூம்."

சுண்டெலி வீட்டுக்குப் போய், தானே அட்டையில் ஒரு வாள் செய்து பையில் ஒளித்துக்கொண்டாள்.

அன்று மாலை, திரை இழுக்கும் ஆமையின் கைபட்டு, சிவப்புப் பெயின்ட் டப்பா அந்த மேலங்கியின்மேல் கவிழ்ந்தது. ஆமை எதையும் மெதுவாகத்தான் செய்வாள். இதை மட்டும் ஒரு நொடியில் செய்துவிட்டாள்.

அரசனாக நடித்தவள் வகுப்பிலேயே உயரமான பனைமரம். அவள் மாமாவிடம் ஒரு படகு இருந்தது. சனிக்கிழமை எல்லோரும் ஏரிக்குப் போவதாக ஏற்பாடு.

பத்து நாளாகச் சுண்டெலி அந்தப் படகில்தான் வாழ்ந்தாள். கணக்கு வகுப்பில் பெஞ்சு மெல்ல ஆடும். ஜன்னல் வெளிச்சம் தரையெங்கும் தண்ணீராகப் பரவும். கரும்பலகை தூரத்துக் கரையாகிவிடும்.

மறுநாள் இடைவேளையில் பனைமரம் அவளை வழிமறித்தாள். "ஆமைகூட இருக்கிறவங்களுக்குப் படகுல இடம் கிடையாது. அவ உன் சிநேகிதியா?"

குழாயடியில் ஆமை அழுதபடி மேலங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் நின்றன.

சுண்டெலியின் கை பைக்குள் அட்டை வாளைத் தொட்டது. ஒரே போடு! எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அப்புறம் அழுகிறவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். 'இல்லை' என்று சொன்னால் படகு. ஆனால் ஆமை கேட்டுக்கொண்டிருக்கிறாளே!

வாளை விட்டுவிட்டாள்.

"ஆமா. அவ என் சிநேகிதிதான்" என்றாள். குரல் நிஜமாகவே சுண்டெலிக் குரலாக வந்தது.

சனிக்கிழமை படகு அவள் இல்லாமல் போனது. சுண்டெலி ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். வீரம் ஒன்றும் வரவில்லை, மூக்கில் சளிதான் வந்தது. மாலையில் ஆமை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். மேடை விளக்கில் எல்லாம் பொன்னிறமாக மிதந்தன.

"இயேசுவைத் தெரியாது என்று சொல்! பிழைத்துப் போ!" அரசன் முழங்கினான்.

"தெரியும். நான் அவருடையவள்" என்றாள் சுண்டெலி.

அடுத்த வரியை ஒத்திகையில் தினமும் முழுங்கிவிடுவாள். இன்று நிமிர்ந்து பார்த்தாள். மேலங்கியில் மங்கலான சிவப்புக் கறை. பெரிய கிரீடத்துக்குக் கீழே பனைமரத்தின் பயந்த கண்கள். அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஆண்டவரே, இவரை மன்னியும்."

மனதிலிருந்து வந்தது. காவலன் வாளை ஓங்கினான். சுண்டெலி விழுந்தாள்.

ஆமை திரையை இழுத்தாள். ஆமைதானே, திரை ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

அரசன் மெல்லக் குனிந்தான். "ஏய், அடுத்த சனிக்கிழமை படகுக்கு வா. ஆமையையும் கூட்டிட்டு வா."

செத்துப்போனவர்கள் சிரிக்கக் கூடாது. சுண்டெலி அசையாமல் கிடந்தாள். திரை மூடும்வரை அவளுடைய கால் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.