ஒரே ஆணி போதும்

ஒரே ஓர் ஆணி போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சுவரில் நான்கு படங்கள் வரிசையாகத் தொங்கின.

கூடத்தில் புதுப் பெயின்ட் வாடை. அதற்கடியில், ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோனது போல ஒரு புழுங்கல் நாற்றம். நாளை கண்காட்சி. இத்தனை வருடமும் அவனுக்குச் சோறு போட்டது ஒரே படம்தான்: வெள்ளைப் பனிமூட்டம், அசையாத ஏரி, நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. வாத்து என்றார்கள். மரக்கட்டை என்றார்கள். ஒரு புண்ணியவான் ‘தனிமையின் தரிசனம்’ என்று கட்டுரையே எழுதினான். “கேமராவை ஒரு தடவைதான் அழுத்தினேன், உடனே கிளம்பிட்டேன். அப்புறம் அவ நீந்த இறங்கினது எனக்குத் தெரியாது” என்று இவனும் போலீசிலிருந்து மேடை வரைக்கும் அளந்துவிட்டான். மனைவியை இழந்த கலைஞன் என்று ஊரே உச்சுக்கொட்டியது.

கொழுந்தியாள் ஏணியிலிருந்து இறங்கினாள். கூடம் அவளுடையது.

“தனியா பார்த்தா ஒண்ணும் புரியலை அத்தான். வரிசையா வெச்சாதான் படம் பேசுது.”

“நெகட்டிவ் ஏது உனக்கு?”

“உங்க பெட்டியிலதான். ஒரு படத்தை மட்டும் வெட்டினா சுருண்டுக்கும்னு முழுத் துண்டா வெச்சிருக்கீங்க. என்ன ஒரு தொழில் பக்தி!”

அவன் சுவரை நெருங்கிப் பார்த்தான். பாழாய்ப்போன பழக்கம். முதல் படத்தில் புள்ளி. இரண்டாவதில் புள்ளிக்குக் கை முளைத்திருந்தது. மூன்றாவதில் கை மட்டும். அன்றைக்கு வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது, அவன் என்ன செய்வான்? அத்தோடு நிறுத்திவிட்டான். சத்தியமாக நிறுத்திவிட்டான்.

நான்காவதில் கரை தெரிந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்த படம். கரையில் முக்காலி, கேமரா, பின்னால் அவன். சிரித்துக்கொண்டிருந்தான்.

“கேமரா கரையில உங்க முன்னாடி இருக்கு.” அவள் குரல் உடைந்தது. “அப்போ இதை யார் எடுத்தது அத்தான்?”

எங்கோ சொட்டியது. திரும்பினான். முதல் படம். பனிமூட்டம். ஏரி.

புள்ளி இல்லை.

சட்டத்தின் அடியிலிருந்து தண்ணீர் சுவரில் வழிந்தது. தரையில் ஈரக் காலடித் தடங்கள். சிறிய பாதங்கள். ஒவ்வொன்றாக, அவனைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன.

அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தன.