மவுஸ் பிடிப்பவள்

ஸஹானாவின் இரண்டு கைகளும் கீபோர்டின்மேல் இருந்தன. அப்படியிருந்தும் திரையில் அந்தச் சிறிய வெள்ளை அம்பு நகர்ந்தது.

ஜானு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பு அவசரப்படவில்லை. ஸஹானா ஒரு வரியைத் தட்டி முடிக்கும்வரை ஓரமாகக் காத்திருந்தது. பிறகு நிதானமாக மேலே போய், சேமிக்கும் இடத்தில் நின்றது. க்ளிக் என்று சத்தம் வந்தது. ஸஹானா கையை எடுக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுடைய வலப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் மற்ற காலி நாற்காலிகளைப்போல மேசைக்கு அடியில் தள்ளி விடப்படவில்லை. ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் வெளியே இழுக்கப்பட்டிருந்தது.

ஜானுவுக்கு முதலில் பயம் வரவில்லை. என் இடத்தில் யார் என்றுதான் தோன்றியது.

“ஏய், நீ நம்ம ஸ்க்ரீனைப் பாக்குறியா, அவ ஸ்க்ரீனைப் பாக்குறியா?” என்றான் பக்கத்தில் இருந்த நிரஞ்சன். “ஒண்ணுமே பண்ணாம ப்ராஜெக்ட்ல பேர் மட்டும் வாங்கிக்கலாம்னு பாக்காத.”

“நீதான் கீபோர்டையும் விடல, மவுஸையும் விடலயே.”

“ரெண்டையும் ஒருத்தனே பிடிச்சாத்தான் வேலை சீக்கிரம் முடியும்.”

அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

மந்தைவெளியில் இருந்த அந்தப் பள்ளியில், ப்ளஸ் டூ மாணவர்கள் மட்டும் வகுப்பு முடிந்த பிறகு கம்ப்யூட்டர் லேபில் இருந்து படிக்கலாம். கதவருகே விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஷூவை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும். போனை லேப் உதவியாளர் பொன்னுரங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கொடுத்த இடத்தை யாரும் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. அந்தத் தாளில் இல்லாத ஒரு விதியும் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரில் ஒருவர் கீபோர்டு, ஒருவர் மவுஸ்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஸஹானா கீபோர்டு, ஜானு மவுஸ். ஸஹானா வாயைத் திறப்பதற்குள் ஜானுவின் கை அங்கே போயிருக்கும். எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று சொல்லவே வேண்டியதில்லை. தி. நகரில் ஜானுவின் அப்பா வைத்திருக்கும் ஜவுளிக்கடையைத் தவிர அவள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. கடை மூடிய பிறகும் கடைதான். உலகத்தில் தனக்கென்று ஓர் இடம் உண்டு என்றால் அது ஸஹானாவுக்கு வலப்பக்கத்து நாற்காலிதான் என்று அவள் நம்பியிருந்தாள். காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது சந்திரிகா மிஸ் எல்லோருடைய இடத்தையும் மாற்றியிருந்தார். ஒரு பையன் பாலவாக்கம் பக்கம் வேறு பள்ளிக்குப் போய்விட்டதால் ஒருவருக்கு மட்டும் ஜோடி இல்லை. அது ஸஹானா.

அம்பு தானாக நகர்ந்ததைப் பார்த்த அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் ஜானு கேட்டுவிட்டாள்.

“தனியா போர் அடிக்கலையாடி?”

“இல்லடி. நன்னாதான் இருக்கு.”

“மிஸ்கிட்ட நான் பேசட்டுமா? நிரஞ்சனுக்கும் நான் இல்லாம இருந்தா சந்தோஷம்தான்.”

“வேண்டாம்.” ஸஹானா பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். “கோச்சுக்காத ஜானு. தனியா உக்காந்துக்கறேன்னு மிஸ்கிட்ட நான்தான் கேட்டேன். நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ க்ளிக் பண்ணிடற. எனக்கு மூச்சு முட்டறது. அவளானா நான் சொல்ற வரைக்கும் பேசாம இருக்கா.”

“யாரைச் சொல்ற?”

“யாரைச் சொன்னேன்?”

ஸஹானாவின் முகத்தில் பொய் இல்லை. அவள் நிஜமாகவே குழம்பியிருந்தாள். அதற்குள் அடையாறு பஸ் வந்துவிட்டது. அவள் ஏறினாள். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் அதை யாருக்கோ விட்டுவைப்பதுபோல, அதற்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு ஜானுவால் பாடத்தில் கண்ணை வைக்க முடியவில்லை. லேபில் ஏசியின் முனகலும், ஈரக் காலுறைகளின் நாற்றமும், விசைகளின் சடசடப்பும் நிறைந்திருக்க, அவற்றுக்கு நடுவே அந்த ஒரே ஒரு க்ளிக் எப்போது வரும் என்று காது நீட்டிக் காத்திருந்தாள். ஸஹானா உட்காரும்போது துப்பட்டாவின் வலப்பக்க முனையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்பவர் அதன்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதைப்போல. சில சமயம் ஸஹானா வாயை மூடிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஜானுவுக்குத் தெரியும். கணக்கு வகுப்பில் ஜானு காதோரம் ஏதாவது சொன்னால் வருகிற சிரிப்பு அது. இரவு படுக்கையில் கண்ணை மூடினால் அந்த இன்னொருத்திக்குக் கைகள் வந்தன. தன் கையைவிட மெலிந்த விரல்கள். அவசரமில்லாத விரல்கள். ஸஹானா தேடிக்கொண்டிருந்தது அப்படி ஒருத்தியைத்தானோ என்று எண்ணும்போது நெஞ்சில் எரிந்தது. அது பயமாக இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் பாதிப் பேர் வகுப்புக்கே வரவில்லை. வந்தவர்களும் மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள். ஜானு மாடி ஏறி வந்தபோது லேப் வாசலில் ஒரு ஜோடி ஷூதான் இருந்தது. உள்ளே ஸஹானா. கதவருகே பொன்னுரங்கம் நாற்காலியில் சாய்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, இந்த மழையில வந்துகீற? வூட்ல தேட மாட்டாங்க?”

“ப்ராஜெக்ட் இருக்குண்ணா. நிரஞ்சன் வரல. நான் அங்க போய் ஸஹானாகூட உக்காந்துக்கவா?”

“எடம் மாத்தக் கூடாதுன்னு ஒட்டி வெச்சிகீதே, படிக்கல? ஒரு மிஷினுக்கு ரெண்டு பேரு. மூணாவதா நீயும் போய் குந்திக்கினா மிஸ்ஸு என்னியத்தான் திட்டும்.”

“மூணாவதா? அவ தனியாத்தான் இருக்கா.”

பொன்னுரங்கம் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “வெளாடறியா? ரெண்டு பேரு கீறாங்களே.” மறுபடி போனுக்குக் குனிந்தார்.

ஜானு திரும்பிப் பார்த்தாள். ஒரு முதுகு. ஒரு பின்னல். பக்கத்தில் வெறும் நாற்காலி.

தாழ்வாரத்தில் ஜன்னல் ஒன்று படீரென்று அடித்துக்கொண்டது. பொன்னுரங்கம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மழைக்குள் கரைந்தது. இப்போது ஜானுவுக்குக் குளிர்ந்தது. கிளம்பிவிடலாம் என்று கால்கள் சொல்லின. அப்போது ஸஹானா சிரித்தாள். அதே சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு, வலப்பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து.

ஜானு நடந்தாள். காலுறைக்கு அடியில் தரை சில்லென்றிருந்தது. அருகே போகப் போக வேறொரு வாசனை வந்தது, வெகுநாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தாற்போல. ஸஹானாவின் விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. மவுஸ் அதன் சதுர அட்டையின்மேல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“இது என் இடம்,” என்றாள் ஜானு. ஸஹானாவிடம் அல்ல.

உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது. அவள் மவுஸைப் பற்றினாள். அதுவும் சூடு. உள்ளங்கையின் சூடு. ஒரு கணம் அசையாமல் நின்றது. வென்றுவிட்டேன் என்று நினைத்தாள். இனி இவளுக்கு நான்தான்.

“கொஞ்சம் கீழ போயேன்,” என்றாள் ஸஹானா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜானு அவசரப்படவில்லை. காத்திருக்கத் தன்னாலும் முடியும் என்று காட்ட நினைத்தாள். ஆனால் மவுஸ் போனது. அவள் கையை உள்ளே வைத்துக்கொண்டே போனது. கீழே. நிதானமாக. அவளுடைய ஆள்காட்டி விரல்மேல் வேறொரு விரல் பதிந்து அழுத்தியது.

க்ளிக்.

கையை இழுத்தாள். வரவில்லை.

“ஸஹானா.”

விசைகளின் சத்தம் நிற்கவில்லை.

“ஸஹானா, என்னைப் பாரு.”

பார்க்கவில்லை. ஜானு எழுந்துகொள்ளக் காலை ஊன்றினாள். தரை எட்டவில்லை. எப்போதும் எட்டுகிற தரை. கால்களை இன்னும் நீட்டினாள். காலுறை வழியாகப் பாதத்தில் ஏதோ தட்டுப்பட்டது. மேடாக. ஈரமாக. தடவிப் பார்த்தன அவள் கால்விரல்கள். எலும்பு. நரம்பு. வரிசையாக விரல்கள்.

ஒரு பாதத்தின் மேற்புறம்.

அப்போதுதான் தெரிந்தது. தான் உட்கார்ந்திருப்பது நாற்காலியின்மேல் அல்ல. தொடைகளுக்கு அடியில் தொடைகள். முதுகுக்குப் பின்னால் மெல்ல ஏறி இறங்கும் ஒன்று. அவளைத் தள்ளிவிடவில்லை அது. மடியில் இருத்திக்கொண்டிருந்தது.

கரண்ட் போனது.

பேட்டரி தேய்ந்த யு.பி.எஸ். பெட்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கீச்சிட்டு அடங்கின. திரைகள் அணைந்தன. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. பின்னால் இருந்த ஜன்னலில் மழை வெளிச்சம் மட்டும் சாம்பல் நிறத்தில் மிச்சமிருந்தது. எதிரே கறுத்துப்போன திரையில், குளத்து நீரில் தெரிவதைப்போல, அவர்கள் தெரிந்தார்கள்.

ஸஹானா. அவளுக்குப் பக்கத்தில் ஜானு, இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே. ஜானுவுக்குப் பின்னால், இரு பக்கமும் அவளைத் தாண்டி விரிந்த தோள்கள்.

கத்த வேண்டும். வாய் திறந்தது. சத்தம் இல்லை. விலாவைச் சுற்றி ஒரு கை வந்து, குழந்தையைப் பிடிப்பதுபோல, வலிக்காமல் இறுக்கியது.

ஸஹானா கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருட்டு அவளைப் பயமுறுத்தவில்லை. களைத்துப்போனவளைப்போல வலப்பக்கம் சாய்ந்தாள். ஆறு வருடங்களாக ஜானுவின் தோளில் சாய்கிற அதே சாய்வு. அவளுடைய தலை ஜானுவைத் தொடவில்லை. ஜானுவின் காதுக்குப் பின்னால், காற்றில் நின்று, அந்தத் தோளில் அமர்ந்தது. அவள் கூந்தலின் சீயக்காய் வாசனை ஜானுவின் கன்னத்தில் பட்டது. இவ்வளவு அருகில்.

“மழை விடற வரைக்கும் இருக்கலாம்,” என்றாள் ஸஹானா. அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதியை ஜானு கேட்டதே இல்லை. “ஜானு ஆத்துக்குப் போயிட்டாளா?”

ஜானுவின் உச்சந்தலையில் ஒரு தாடை வந்து ஊன்றிக்கொண்டது. குளிர்ந்தது. கனமானது.

அது ஆமாம் என்று அசைந்தது. கறுத்த திரையில், அதனோடு சேர்ந்து, ஜானுவின் தலையும் ஆமாம் என்று அசைந்தது.