மறுப்பு ஏதும் இல்லை

கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். உமாதேவிக்கு அது நன்றாகத் தெரியும். நேற்று மாலை அந்த ஆறு நாற்காலிகளையும் எடுத்துப் போட்டவளே அவள்தான். ஆனால் லேப்டாப் திரையில் ஏழு பெயர் இருந்தது. ஏழாவது பெயர் விஜயபாண்டி. அவனை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகிறது.

"கருமம் பிடிச்ச மிஷினு" என்று முணுமுணுத்தாள். சுருளிப்பட்டி ரோட்டில் இருக்கும் அந்தத் திராட்சை பேக்கிங் கூடத்தில் யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில் நிற்காது. அதற்காகத்தான் மேனேஜர் வினோத்ராஜ் போன வருடம் இந்தச் சாட் உதவியாளரை வாங்கிப் போட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் வருவதையும் கூட்டத்தில் பேசுவதையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். கேட்டால் தேதியோடு ஒப்பிக்கும். பழைய பட்டியலை எடுத்து ஒட்டியிருக்கும் என்று உமாதேவி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீரபாண்டித் திருவிழாவுக்காகக் கூடத்துக்கு லீவு. சித்திரை வெயிலில் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. காலிக் கிரேட்டுகளில் ஒட்டிக் கிடந்த திராட்சை புளித்து, அந்த வாடை ஆபீஸ் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறை. சரக்கு இல்லாததால் முந்தாநாளே அணைத்துவிட்டார்கள். அவள் தனியாக வந்திருந்தாள். கோபம்தான் அவளை இழுத்து வந்திருந்தது.

லோடுமேன் விஜயபாண்டி ஒரு சனிக்கிழமை மாலை பெட்டி அடுக்கக் குளிர் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. திங்கள் காலையில்தான் திறந்தார்கள். உள்பக்கக் கைப்பிடியை முன்பே கழற்றி, துளையில் தெர்மாகோலைத் திணித்து, பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அந்த டேப்பை அவன் நகத்தாலேயே பாதி கிழித்திருந்தான். குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான் என்று வினோத்ராஜ் அறிக்கை எழுதியிருந்தார். நேற்று ஐந்து பேர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். உமாதேவி போடவில்லை.

"எக்கா, அவரு அத மோந்துகூடப் பாத்ததில்ல. கைப்பிடியக் கழட்டச் சொன்னது யாரு? அத மட்டும் சொல்லிருங்க, போதும்" என்று விஜயபாண்டியின் மனைவி பூமாரி இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

போன் அடித்தது. வினோத்ராஜ். பின்னால் திருவிழாக் கொட்டுச் சத்தம்.

"உமா, நாளைக்கு லேபர் ஆபீசர் வர்றாக. பழசக் கிண்டாம வந்து கையெழுத்தப் போடு."

"செத்தவன் மேல பழியப் போட்டுட்டு உங்களுக்குச் சோறு எறங்குதா சார்?"

வைத்துவிட்டாள். அதே ஆத்திரத்தில் லேப்டாப்பில் தட்டினாள்: குளிர் அறைக் கதவின் உள் கைப்பிடியைக் கழற்ற முடிவு செய்தது யார்?

பதில் வந்தது. "மார்ச் 14, காலை 11.40. கைப்பிடித் துளை வழியாகக் குளிர் கசிவதால் கழற்றி அடைத்துவிடலாம் என்று வினோத்ராஜ் குரூப்பில் எழுதினார்."

"மாட்டுனாருடா மனுசன்" என்று மேசையில் அடித்தாள்.

பதில் முடியவில்லை. "11.41. விஜயபாண்டியின் குரல் செய்தி: 'உள்ள மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றது? உமாக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க.' 11.42. உமாதேவி அதைக் கேட்டார். பதில் சொல்லவில்லை. லோடுமேன்களின் மறுப்பு கணக்கில் வராது. கமிட்டியின் ஆறு பேரில் யாரும் பத்து நிமிடத்தில் மறுக்கவில்லை. முடிவு நிறைவேறியது. பத்து நிமிட விதியைக் கொண்டுவந்தவர்: உமாதேவி."

அவளுக்கு ஞாபகம் வந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கூட்டம் போட்டு நேரத்தைத் தின்கிறார்களே என்ற எரிச்சலில் அவள்தான் அந்த விதியைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். மார்ச் 14 அன்று வாசலில் லாரி நின்றது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டாள். வினோத்ராஜ் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் நெஞ்சில் உட்கார்ந்தது. பூமாரியிடம் என்ன சொல்வது?

சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது.

அணைத்த கம்ப்ரசர்.

கணுக்காலில் குளிர் ஏறியது. விரல் தானாகத் தட்டியது: நேற்றுக் கூட்டத்தில் விஜயபாண்டி என்ன சொன்னான்?

"அவர் பேசவில்லை. தட்டிக்கொண்டிருந்தார்."

எவ்வளவு நேரம்?

"இன்னும் நிறுத்தவில்லை."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்ததிலிருந்து கேட்கிறது அந்தச் சத்தம். வெயிலில் வெடிக்கும் தகரம் என்று நினைத்திருந்தாள். அது கூரையில் இல்லை. சுவரில். அவள் தோள் உயரத்தில்.

திரையில் புது வரி. "முன்மொழிவு: ஆபீஸ் கதவின் உள் கைப்பிடியைக் கழற்றி அடைத்துவிடலாம். சொன்னவர்: விஜயபாண்டி. பத்து நிமிடம்."

மறுக்கிறேன் என்று தட்டினாள். விரல் மரத்திருந்தது. மறுபடி தட்டினாள்.

"உள்ளே இருப்பவர்களின் மறுப்பு கணக்கில் வராது."

ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகி இழுத்தாள்; கதவு அசையவில்லை. மேசைக்குத் திரும்பி வினோத்ராஜைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து நின்றது. குரூப்பில் பேசினாள். "ஆபீசுக்குள்ள மாட்டிக்கிட்டேன். யாராச்சும் வேண்டாம்னு ஒரு வார்த்த போடுங்க. ஒரே வார்த்த." மூச்சு புகையாக வந்தது. நீல டிக் விழுந்தது. கேட்டவர்கள் ஒருவர். மூன்று பேர். ஐந்து பேர்.

யாரும் பதில் போடவில்லை.

பழசைக் கிண்டுகிறவளுக்கு யார் பதில் போடுவார்கள்? அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டிருப்பார்கள்.

"மறுப்பு ஏதும் இல்லை."

திரும்பினாள். கதவில் கைப்பிடி இல்லை. துளை. துளையில் தெர்மாகோல். மேலே பழுப்பு டேப். பாதி கிழிந்தது. ஓரத்தில் நகம்.

இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். கத்தினாள். சுவரின் சத்தமும் அவள் சத்தமும் ஒரே தாளத்துக்கு வந்தன.

பின்னால், பனி பூத்த திரையில், எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

"இன்றைய கூட்டம். வந்தவர்கள்: விஜயபாண்டி, உமாதேவி. இருவரும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்."