மூன்றாம் பதிப்பின் பிணம்

1937. ஆடிப் பதினெட்டு. முல்லையாறு கரை தொட்டு ஓடிய காலை.

“ஐயோ... பொணம்!”

ஆற்றங்கரையில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் முதலில் நுழைந்த நர்ஸ் கஸ்தூரியம்மாள் அலறினாள்.

உள்ளே ஓர் ஏணி படுக்கையாக வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு மனிதன் குப்புறக் கிடந்தான். உடம்பெல்லாம் ஈரம். தலையை ஈரத்துண்டு மூடியிருந்தது. விரல் நுனியில் தண்ணீர் சொட்டியது.

டாக்டர் சுயம்புலிங்கம் பின்னால் வந்தார். பார்த்தார். சிரித்தார்!

“பயப்படாதம்மா. நம்ம அம்மாவாசி.”

அம்மாவாசி கூத்து நடிகன். மேடையில் சாவது அவன் தொழில். டாக்டரின் வகுப்புகளில் ஆற்றில் மூழ்கியவனாகக் கிடப்பது உபதொழில். குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் படுப்பான். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வான். கேட்டால், “வேசம்னா வேசந்தேன்” என்பான்.

நர்சுகளும் கம்பவுண்டர்களும் படிக்க டாக்டர் ஒரு முதலுதவிக் கைநூல் எழுதியிருந்தார். இன்று அதன் மூன்றாம் பதிப்புக்குப் பரீட்சை. மதுரையிலிருந்து ஜில்லா போர்டு அதிகாரி வந்திருந்தார். அவர் தலையசைத்தால் புத்தகம் அச்சுக்குப் போகும்.

இல்லாவிட்டால்?

மூழ்குகிறவர்கள் பழைய பதிப்பின்படியே சாவார்கள்!

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

“முதல் பதிப்புல என்ன எழுதியிருந்தார்?”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரியம்மாள் முந்தினாள்.

“காலைக் கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டுச் சுத்தச் சொன்னாக ஐயா.”

“ரெண்டாவதுல?”

“குப்புறப் போட்டு முதுகை அமுக்கச் சொன்னாக.”

“இப்போ?”

“ஏணியில கட்டி ஏத்தம் எறைக்கணுமாம்!”

கம்பவுண்டர்கள் சிரித்தார்கள். டாக்டரின் காது சிவந்தது.

“வைத்தியம் மாறினா புஸ்தகமும் மாறணும்மா.”

“மாறட்டும் டாக்டரய்யா. நாங்க ஒண்ணைப் படிச்சு முடிக்குமுன்ன மாத்திப்புடுறீகளே!”

“கட்டுங்க!”

கம்பவுண்டர்கள் இருவர் அந்த மனிதனின் கையையும் காலையும் ஏணியோடு கட்டினார்கள். ஏணியின் நடுவில், அடியே ஒரு முட்டுக்கட்டை கொடுத்தார்கள். டாக்டர் ஒரு முனையைப் பிடித்தார்.

“பாருங்க. தலை இறங்கினா குடல் நெஞ்சைத் தள்ளும். மூச்சு வெளிய போகும். கால் இறங்கினா மூச்சு உள்ள வரும். அவ்வளவுதான்!”

மேலே... கீழே... மேலே... கீழே...

திடீரென்று ஏலக்காய் மணம் வீசியது.

வாசலில் போலீஸ் ஏட்டு பால்பாண்டி! வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

“டாக்டர்! உங்களை ஊரெல்லாம் தேடுறேன்... இங்கன என்ன செய்யிறீக? அது பொணம்!”

“பொணந்தான் ஏட்டு. உக்காருங்க.”

“செத்துப்போனவன் சார்!”

“செத்தவன்தான். ரெண்டு வருசமா இவனைத்தான் வச்சிருக்கோம்.”

பால்பாண்டி திகைத்தார்.

“ரெண்டு... வருசமா?”

“போன மாசம் கோம்பைக்குக்கூடக் கூட்டிட்டுப் போனோம். அங்க ரெண்டு தடவை செத்தான். நல்ல கைதட்டல்!”

ஏட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது...

“மன்னிச்சுக்கங்க டாக்டரய்யா! ஆத்தங்கரையில ஒரே சனம். அதேன் லேட்டு.”

எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில், கையில் தண்ணீர்க் குடத்தோடு...

அம்மாவாசி!

ஏணி நின்றது.

கஸ்தூரியம்மாள் ஈரத்துண்டை விலக்கினாள். முன்பின் பார்க்காத முகம். நெற்றியில் வீக்கம்.

“அப்ப... இது யாரு?”

“அதைத்தேன் சொல்ல வந்தேன்” என்றார் பால்பாண்டி. “எவனோ ஆத்தோட வந்தான். இப்பத்தேன் துறையில ஒதுங்கினான், சனமெல்லாம் பாத்துருச்சு. நானே தூக்கியாந்து இங்கன போட்டுட்டு உங்களைத் தேடிப் போனேன். செத்துட்டான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பொதைச்சுருவோம்.”

அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“பிணத்தை வைத்துப் பாடமா நடத்துகிறீர்? போதும்! பழைய பதிப்பே இருக்கட்டும்!”

டாக்டர் தலை குனிந்தார். மூன்று வருட உழைப்பு... முடிந்தது!

கஸ்தூரியம்மாள் மட்டும் நகரவில்லை. ஏணியில் கிடந்தவனின் கழுத்தில் விரல் வைத்திருந்தாள்.

“டாக்டரய்யா... நாடி ஓடுது!”

“என்னது?”

“லேசா. ஆனா ஓடுது. ஆட்டுங்கய்யா... நிறுத்தாதீக!”

மேலே... கீழே... மேலே... கீழே...

“விடுங்க சார்!” பால்பாண்டி ஏணியைப் பிடித்து இழுத்தார். “செத்தவனை எதுக்கு ஊஞ்சல் ஆட்டுறீக?”

“ஏட்டு! கையை எடுங்க!”

“கையெழுத்துப் போதும்னேன்ல!”

இழுத்த இழுப்பில் ஏட்டின் சட்டைப் பையிலிருந்து ஏலக்காய்கள் தெறித்தன. அம்மாவாசி ஒன்றைப் பொறுக்கி மோந்தான்.

“அடேங்கப்பா! மலைச்சரக்கு. ஏட்டையா சம்பளத்துக்குக் கட்டுமா?”

க்ளக்!

ஏணியில் ஓர் ஓசை.

பிறகு இருமல்... வாயிலிருந்து தண்ணீர்... பிறகு ஒரு நீண்ட மூச்சு!

பிணம் கண்ணைத் திறந்தது.

“ஆத்தா...” என்றது.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிணம் இன்னும் இருமிக்கொண்டிருந்தது.

“டாக்டர்... அச்சுக்கு அனுப்பும்! இன்றைக்கே!”

கட்டை அவிழ்த்து அவனை உட்கார வைத்தார்கள்.

“உம் பேரென்னப்பா?” கஸ்தூரியம்மாள் கேட்டாள்.

“சுருளி... சுருளியாண்டி. வண்டியோட்டி.”

“எப்படி விழுந்த?”

“விழுகலம்மா. தள்ளிவிட்டாக.”

“யாரு?”

அவன் கண் சுற்றியது. டாக்டர்... அதிகாரி... அம்மாவாசி...

நின்றது.

“இந்தா நிக்கிறாரே! இந்த ஏட்டுத்தேன்! கள்ளச்சரக்குன்னு பிடிச்சு வச்ச ஏலக்காய் மூட்டையை எவனுக்கோ வித்தாரு. நான் பாத்துட்டேன். மண்டையில ஒரு போடு... தண்ணிக்குள்ள ஒரு தள்ளு!”

பால்பாண்டி யாரையும் பார்க்கவில்லை. பின்கதவுக்குப் பாய்ந்தார்!

“பிடிங்கடா!”

கதவைத் திறந்தார். ஒரே எட்டு வைத்தார்.

பின்கதவுக்கு அப்பால் வழி இல்லை. கரை தொட்டு ஓடும் முல்லையாறு இருந்தது.

தொப்!

ஒரு தொப்பி மிதந்தது. ஒரு கை எழுந்தது. அமிழ்ந்தது. மறுபடி எழுந்தது.

அம்மாவாசி பின்கதவுப் படியில் நின்று ரசித்துப் பார்த்தான்.

“என்னமா மூழ்குறாரு! எனக்கே இம்புட்டுத் தத்ரூபமா வராது!”

“ஏலே, குதிடா!” டாக்டர் கத்தினார்.

அம்மாவாசி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குதித்தான். ஏட்டின் குடுமியைப் பற்றி இழுத்து வந்து கிட்டங்கித் தரையில் போட்டான்.

டாக்டர் குனிந்து நாடி பார்த்தார். நாடி இருந்தது. வயிறு பானையாக உப்பியிருந்தது. கம்பவுண்டர்கள் ஏணியைத் தயாராக்கினார்கள்.

கஸ்தூரியம்மாள் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சு மூட்டை தூக்கும் கயிறு அங்கே தொங்கியது. அதன் நுனியைக் கையில் எடுத்தாள்.

“டாக்டரய்யா... இவருக்கு மட்டும் முதல் பதிப்பையே செஞ்சு பாத்துருவோமா?”