எச்சரித்த விளம்பரம்

காலையில் பிலோமினா அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும், முன்னுணரி என்ற கணினி அன்றைக்கான துயரங்களைத் திரையில் இறக்கிவிடும். துலாமதி சட்டக்குழுமத்தின் விளம்பரப் பிரிவில் அவளுக்கு வேலை. என்ன வகை இழப்பு என்பது மட்டும் திரையில் இருக்கும். தீக்காயம், துண்டான விரல், மூச்சுத்திணறல். அதற்கேற்ற ஆறுதலான நாலு வரியை அவள் எழுதுவாள். அது சம்பந்தப்பட்ட வீட்டார் காதில் மாட்டியிருக்கும் செவிமணியில், அந்தந்த வீட்டுக்குப் பிடித்த குரலில் ஒலிக்கும்.

இழப்பு நடந்த பிறகு போகிற விளம்பரம் என்றே அவள் நம்பியிருந்தாள். ஊரும் அப்படித்தான் நம்பியது. செவிமணியில் பகல் முழுக்க ஏதாவது ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததால், எது முந்தி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலை அவளுடைய அண்ணன் மனைவி லூர்துமேரி அழைத்தாள். அண்ணன் இன்னாசி, துறைமுகத்தை ஒட்டிய அமோனியாக் கிடங்கில் குழாய் பொருத்தும் பிட்டராக இருந்தான்.

"ஒங்க ஆபீஸ் விளம்பரம் வந்துச்சு பிலோ. வாயு கசிஞ்சு வீட்டுக்காரர இழந்தவங்களுக்குன்னு சொல்லுது. ஒங்க அண்ணன் இங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ, மத்தியான ஷிப்டுக்குப் போவணும்னு. தப்பா வந்துட்டோ?"

அது முந்தின நாள் பிலோமினாவே எழுதியது. முதல்முறையாக, அது யார் யாருக்குப் போயிருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். எல்லாமே அந்தக் கிடங்கின் மத்தியான ஷிப்ட் ஆட்களின் வீடுகள். இழப்பு நிகழும் நாள் என்ற இடத்தில் அன்றைய தேதியும், காரணம் என்ற இடத்தில் அமோனியாத் தொட்டி உடைதல் என்றும் இருந்தது.

அவள் நேரே போய்க் கேட்டபோது, குழுமத்தின் தலைவர், வழக்கறிஞர் கோமதிநாயகம், எதையும் மறுக்கவில்லை. முன்னுணரிக்குத் தரவு கொடுப்பதே ஆலைகள்தான் என்றும், விளம்பரத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது ஒப்பந்தம் என்றும் பொறுமையாக விளக்கினார். துக்கத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே காதில் விழுந்த பெயரைத்தான் தேடி வருவார்களாம். அதனால் முந்திப் போகிற விளம்பரத்துக்குத்தான் பலன் அதிகமாம்.

"நடக்காத விபத்தை நடக்கும்னு சொன்னா அது ஆலை மேல அவதூறும்மா. விளம்பரம் பண்றது நம்ம உரிமை. சட்டம் அப்படித்தான் இருக்கு."

"அப்ப அவங்க சாகட்டும்னு விட்டுடணுமா சார்?"

சட்டத்தைத் தான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு அவர் தேநீரை எடுத்துக்கொண்டார்.

அண்ணனை மட்டும் தடுத்துவிட ஓர் அழைப்பு போதும். மற்ற வீடுகளை அப்படியே விட அவளுக்கு மனமில்லை. இருக்கைக்குத் திரும்பி, அந்த விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'இன்று கிடங்குக்குப் போகாதீர்கள். தொட்டி உடையும் என்பது எங்களுக்குத் தெரியும். உங்களைச் சாகவிட்டு வழக்கு நடத்தக் காத்திருக்கிறோம்.' அதே வீடுகளுக்கு அனுப்பினாள்.

மத்தியான ஷிப்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஆள் இல்லாமல் கிடங்கை மூடிய நிர்வாகம், தொட்டியைச் சோதித்துப் பார்த்து, விரிசல் விட்டிருந்த வால்வைச் சத்தமில்லாமல் மாற்றியது. விபத்து நடக்கவில்லை. நடக்காததாலேயே பிலோமினா குற்றவாளி ஆனாள். கிடங்கை நடத்திய ஆலை அவள்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. ஆலைக்காக வாதாட வந்தது துலாமதி சட்டக்குழுமம். அவளுக்காக வாதாட நகரத்தில் ஒரு வழக்கறிஞரும் முன்வரவில்லை.

தானே வாதாடினாள். ஆபத்து இருந்ததற்கு என்ன சான்று என்று நீதிபதி கேட்டார். பழைய வால்வை உருக்கியாகிவிட்டது. முன்னுணரியின் கணிப்பு வணிக ரகசியம் என்பதால் நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பார்வையாளர் வரிசையில் இருந்து இன்னாசி எழுந்தான்.

"நான் உசுரோட நிக்கேன் ஐயா. இது சான்று இல்லையா?"

ஒருவர் உயிரோடு இருப்பது விபத்து நடக்கவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கிறது என்றார் நீதிபதி. குரலில் கோபம்கூட இல்லை. பிலோமினாவுக்கு இரண்டாண்டுச் சிறை, இனி எந்த விளம்பரமும் எழுதத் தடை என்று தீர்ப்பை வாசித்தார்.

காவலர்கள் அவளை நெருங்கினார்கள். இன்னாசி உட்காரவில்லை. அவன் பக்கத்தில் லூர்துமேரி எழுந்தாள். பிறகு அந்த ஷிப்ட் ஆட்கள், அவர்களுடைய மனைவிமார்கள், பிள்ளைகள் என்று வரிசை வரிசையாக எழுந்தார்கள். நீதிபதி உட்காரச் சொன்னார். மறுபடியும் சொன்னார். ஒருவரும் உட்காரவில்லை.