முன்பக்கத்து இடது டயர்

அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

ஊரெல்லாம் அவனைப் 'பஞ்சர்' என்றுதான் கூப்பிடும். இருபது வருஷமாக டயர் கடை வைத்திருப்பவன். வெந்த ரப்பர், அழுகிய கிரீஸ், செத்த எலி, எல்லா நாற்றமும் அவனுக்கு அத்துப்படி. இது வேறு. இறைச்சியைப் பையில் கட்டி வெயிலில் மறந்துவிட்டு, பிறகு திறந்த மாதிரி. அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

நடுவில் மாமா ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ டிரக் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலம். அக்காவையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகப்போவதாக மாமா தலைகால் புரியாமல் இருந்தார்.

"டயரைப் பார்த்தியா மச்சான்? அந்தக் காலத்து ஒரிஜினல். மேல இருக்குற பட்டன்கூடத் தேயல."

பஞ்சர் குனிந்து டயரின் பக்கவாட்டை நகத்தால் கீறினான். ரப்பர் புண்ணின் பொருக்கு போலப் பெயர்ந்து வந்தது.

"பட்டன் இருந்து என்ன பிரயோஜனம் மாமா? உங்களுக்கும் எனக்கும் மூத்தது இது. ரப்பர் செத்துப்போச்சு. சேத்துல போறதுக்குன்னு செஞ்ச டயர், மழை பேஞ்ச தார் ரோட்டுல பிரேக் அடிச்சா நிக்காது. வேகத்துல வெடிச்சா வண்டி குப்புறக் கவுந்துடும். இதே அளவுல, இந்த எடையைத் தாங்குற மாதிரி நாலும் புதுசா ஒரே ரகமா போடணும்."

"வண்டியோட முகமே போயிடுமே."

"அக்கா முகத்தைப் பாருங்க மாமா."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை புது டயர்களோடு வந்தான். மூன்று சக்கரங்கள் சிக்கல் இல்லாமல் முடிந்தன. மிஞ்சியது முன்பக்கத்து இடது சக்கரம். வால்வைத் திறந்தான்.

காற்று சீறவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு போல வெளியேறியது. சூடாக, ஈரமாக, நேராக அவன் முகத்தில்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு விளிம்பை நெம்பினான். டியூப் கைக்கு அகப்படாமல் வழுக்கியது. உள்ளே கையை விட்டான். விரல்களில் கொழகொழவென்று ஏதோ அப்பியது. அதற்குள் முடி. நீளநீளமாக, மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும் முடி.

உள்சுவர் கன்னத்தின் உட்புறம் போல மெத்தென்று இருந்தது.

அது அசைந்தது.

அவன் விரல்களை மெல்லச் சப்பியது.

கையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி, காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான். அக்கா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"மாமா," என்றான். "இந்த வண்டி என்ன பண்ணுச்சு?"

மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "ராணுவத்துல இருந்தப்ப, ரோட்டுல படுத்து மறிச்சவங்க மேல ஏத்துனாங்களாம். பதினோரு பேர். அதனாலதான் மச்சான் இதுக்கு இவ்வளவு மவுசு."

அவர் உதட்டோரத்தில் ஒரு பூரிப்பு. டயருக்குள் இருந்ததைவிட அதுதான் பஞ்சருக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா செம்பை நங்கென்று கீழே வைத்தாள். "நானும் பிள்ளைங்களும் இதுல ஏற மாட்டோம். நீங்களும்தான்."

"நான் தனியா போறேன். பழைய டயரோடவே போறேன்!" என்று மாமா எகிறினார்.

செய்தாலும் செய்வார். ரோட்டில் எதிரே வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பஞ்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து, நான்காவது டயரையும் மாட்டினான். பழைய டயர்களை அன்றே துண்டு துண்டாக வெட்டிப் புதைத்தான். கையை எத்தனை தடவை கழுவியும் சோற்றில் வைக்க மனம் வரவில்லை.

அக்கா கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார்.

ஞாயிறு மதியம் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி... கொட்டகையை இப்பதான்டா திறந்தேன். சாவி என்னைவிட்டு எங்கேயும் போகல. நீ போட்டதுல மூணு டயர் புதுசு கலையாம அப்படியே இருக்கு."

"இன்னொண்ணு?"

"மொழுக்குன்னு தேஞ்சுபோயிருக்குடா. தொட்டுப் பார்த்தேன். ரொம்ப தூரம் ஓடி, இப்பதான் வந்து நின்ன மாதிரி கொதிக்குது."